அவன் பக்கம் யாரும் வருவதில்லை

அத்தியாயம் பதினான்கு

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் பொஹ்தான் அந்தப் பெயரைச் சொன்னதிலிருந்து லெஸ்யாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

நெல்ஸ் ஹால்வர்சன். வயது பதினைந்து. தடுப்பாட்டக்காரன்.

அந்தப் பெயரில் பாதி அவள் வீட்டிலேயே இருந்தது. மகள் ஸோரியாவும் ஹால்வர்சன்தான். பெயருக்குச் சொந்தக்காரனான அவளுடைய அப்பா டார்சி, மகளுக்கு நான்கு வயது முடிவதற்குள் ரேலீன் என்கிற பெண்ணோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்க் குடியேறிவிட்டான். நெல்ஸ் அவர்களுடைய மகன்.

இத்தனை வருஷமும் அந்தப் பையன் லெஸ்யாவுக்குக் காதில் விழுந்த ஒரு செய்தி, அவ்வளவுதான். இன்று காலை அவன் வில்லோ பெண்ட் ஊரின் பனி அரங்கத்தில், அவள் கண்ணெதிரே ஆடப்போகிறான். அவனை எடைபோட்டுச் சொல்ல வேண்டியது அவள் வேலை.

ஊரின் இளையோர் பனி ஹாக்கி அணிக்கு மேலாளர் அவள் அண்ணன் பொஹ்தான். எந்தப் பையனை எடுக்கலாம், எவனை விடலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துச் சொல்கிற ஸ்கவுட் லெஸ்யா; மெர்வ் இன்னொருவர். மேற்கு மாகாணங்களின் பதினைந்து வயதுப் பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள் இன்று. சாயங்காலம் முதல் சுற்று. அதற்கு முன்னால் கடைசியாக ஒரு ஆட்டம்.

அரங்க வாசலில் பொஹ்தான் இரண்டு காபியோடு நின்றிருந்தான். வண்டி நிறுத்துமிடம் முழுக்க உருகிய பனியும் சேறும்.

"வேணாம்னா சொல்லு லெஸ்யா. மெர்வ் பார்த்துக்கட்டும்."

"மெர்வ் மட்டையில இருக்கற வட்டை மட்டும்தான் பார்ப்பார். வட்டு போற பக்கமெல்லாம் தலை போகும்."

"பையனோட அம்மாவும் வந்திருக்கா."

"நான் பார்க்க வந்தது பையனை."

அவன் ஒரு காபியை அவள் கையில் கொடுத்து வழிவிட்டான். தங்கையின் குரல் தட்டையானால் அதற்கு மேல் பேசக்கூடாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே அடி வாங்கித் தெரிந்த விஷயம்.

லெஸ்யா எப்போதும் போலக் கோலுக்குப் பின்புறம், மேல் மூலையில் போய் உட்கார்ந்தாள். மற்ற ஸ்கவுட்டுகள் எல்லாரும் நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்வார்கள். அங்கிருந்து வேகம் தெரியும், அடி தெரியும். ஒருவன் எங்கே நிற்கிறான், ஏன் நிற்கிறான் என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

வெள்ளைச் சட்டை அணி வெளியே வந்தது. எண்ணைப் பார்க்காமலே அவளுக்கு அவனைத் தெரிந்துவிட்டது. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, எதையோ தொலைத்தவன் போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சறுக்கி வந்தான். அப்படியே டார்சி.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். நான் பார்க்க வந்தது ஆட்டத்தை என்று தனக்கே ஒரு முறை சொல்லிக்கொண்டாள்.

முதல் பகுதி முழுவதும் அவன் எதுவும் செய்த மாதிரியே இல்லை. பாய்ந்து யாரையும் இடிக்கவில்லை. வட்டைத் தள்ளிக்கொண்டு ஓடவில்லை. கூட்டம் ஒரு தடவைகூட அவனுக்காக எழுந்து நிற்கவில்லை. எதிரணியின் நீலச் சட்டையில் கோல்பி இருந்தான். பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் மகன். அவன் மட்டையில் வட்டு பட்டாலே அரங்கம் முழுக்க ஒரு சலசலப்பு.

லெஸ்யா வட்டைப் பார்ப்பதை விட்டாள். நெல்ஸை மட்டும் பார்த்தாள்.

அவனோடு ஜோடியாகத் தடுக்கிறவன் துடுக்கான பையன். வட்டைக் கண்டால் இடத்தை விட்டுவிட்டு முன்னால் பாய்வான். அவன் பாயப் போகிறான் என்பது நெல்ஸுக்கு எப்படியோ முன்னதாகவே தெரிந்திருந்தது. ஜோடிக்காரன் கால் எடுப்பதற்குள் இவன் நடுவுக்கு நகர்ந்துவிடுவான். அவசரமில்லை. இரண்டு தள்ளு, ஒரு சறுக்கு, அங்கே நிற்பான். ஓட்டை விழுந்ததும் தெரியாது, அடைந்ததும் தெரியாது.

எதிராளி வட்டோடு வந்தால் இவன் மேலே போய் விழுவதில்லை. மட்டை நீளத்துக்கு எட்டுகிற மாதிரி ஒரு இடைவெளி விட்டுப் பின்னோக்கியே சறுக்குவான். நடுப்பக்கம் மூடியிருக்கும், சுவர்ப்பக்கம் திறந்திருக்கும். வருகிறவன் தன் இஷ்டத்துக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே சுவரோரம் போவான். அங்கே போனபிறகு செய்வதற்கு ஒன்றுமிருக்காது.

இரண்டாம் பகுதி பாதியில்தான் அவளுக்கு அது உறைத்தது. நீலச் சட்டைகள் இந்தப் பக்கமாக வருவதையே விட்டுவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியவில்லை. கோல்பி இரண்டு முறை இந்தப் பக்கம் கிளம்பினான், நெல்ஸ் நிற்பதைப் பார்த்தான், குறுக்கே திரும்பி அந்தப் பக்கம் போனான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த மாதிரி ஒருவனைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது? நடுக்கோட்டு வரிசையிலிருந்து வடக்கூர் ஸ்கவுட் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

குறையும் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஆள் நெருங்கும்போது வட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் தள்ளிவிடுகிறான். வலப்பக்கம் திரும்புவது மெதுவாக இருக்கிறது. அதெல்லாம் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்கிற குறை. மற்றதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

அப்போதுதான் எதிர்ப்பக்க வரிசை அவள் கண்ணில் பட்டது. சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண் கூட்டத்தை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். ரேலீன். அவளருகில், ஒரே காகிதத் தட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துத் தின்றுகொண்டு ஸோரியா.

தன் மகள். அவளோடு. சிரித்துப் பேசிக்கொண்டு.

கடைசிப் பகுதியில் அது நடந்தபோது லெஸ்யாவின் கண் பாதி அங்கேயும் பாதி பனியிலுமாக இருந்தது. ஜோடிக்காரன் வழக்கம்போல முன்னால் பாய்ந்து வட்டைக் கோட்டைவிட்டான். கோல்பியும் இன்னொருவனும் சேர்ந்து வந்தார்கள். நடுவில் நெல்ஸ் ஒருவன்.

அவன் கோல்பி மேல் பாயவில்லை. மட்டையைத் தாழ்த்தி நீட்டி, கோல்பியிடமிருந்து அந்த இன்னொருவனுக்கு வட்டு போகிற வழியை அடைத்துக்கொண்டான். கோல்பியை ஓரத்துக்கே தள்ளிக்கொண்டு போனான். வேறு வழியில்லாமல் கோல்பி ஓரத்திலிருந்தே அடித்தான். லேசான அடி. வட்டு கோல் காப்பவனின் கைக்கும் உடம்புக்கும் நடுவே நுழைந்துவிட்டது.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நெல்ஸ் தன் அணியின் கோல் காப்பவனுடைய தலைக்கவசத்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான்.

ஆட்டம் முடிந்ததும் லெஸ்யா மகளை அரங்கத்துக் கேன்டீன் மூலையில் பிடித்தாள்.

"யார் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. தனியா இருந்தாங்க. போய் உட்கார்ந்தேன்."

"தனியா இருக்கறவங்க பக்கத்துலயெல்லாம் போய் உட்காருவியா நீ?"

"நீங்கதானே அப்படி வளர்த்தீங்க."

ஸோரியாவுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நெல்ஸோடு ஒரு வருஷமாகச் செய்தி அனுப்பிப் பேசிக்கொண்டிருப்பதைப் போன மாதம்தான் அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். தம்பி என்ற வார்த்தையை மட்டும் இதுவரை இருவருமே உச்சரிக்கவில்லை.

"அம்மா, அவங்க வீட்டு விஷயம் ஒண்ணு உங்களுக்குத் தெரியணும்."

"வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தைப் பத்தி எதுவும் என் காதுல விழக்கூடாது. நான் ஒரு ஆட்டக்காரனைப் பத்தி முடிவு சொல்லணும்."

"சொல்லப்போறீங்களா?"

"அதென்ன கேள்வி?"

ஸோரியா கையிலிருந்த காகிதத் துடைப்பானை மடித்துக்கொண்டே பேசினாள். "எனக்கு ஹாக்கி பாதிதான் தெரியும். அவன் சரியில்லைன்னா விட்டுடுங்க. சண்டை போடமாட்டேன். ஆனா அவன் ஆட்டத்துக்காக விடுங்க. எங்கப்பாவுக்காக விடாதீங்க."

லெஸ்யா மாடிப்படி ஏறினாள்.

மேலே அலுவலக அறையில் பொஹ்தானும் மெர்வும் இருந்தார்கள். மெர்வுக்கு எழுபது நெருங்குகிறது. முப்பது வருஷமாக இந்த அணிக்குப் பையன்களைத் தேடுகிறவர். கோல் அடிக்கிறவர்களைத் தேடுவதில் கெட்டிக்காரர். அதனாலேயோ என்னவோ, மூன்று வருஷமாக அணி நிறைய கோல் அடிக்கும், அதைவிட நிறைய வாங்கும்.

"நம்ம முறை ஒன்பதாவது," என்றான் பொஹ்தான். "கோல்பி அதுவரைக்கும் நிக்கமாட்டான். யாராவது தூக்கிடுவாங்க. ஹால்வர்சன் பையன் எப்படி?"

"அவனா?" மெர்வ் நாற்காலியில் சாய்ந்தார். "வேலிக்கு நட்ட கம்பம் மாதிரி நிக்கறான். அந்த கோலைப் பார்த்தீங்களா? ரெண்டு பேர் வர்றாங்க, இவன் யார் மேலயும் போகலை. நின்னு வேடிக்கை பார்த்தான்."

பொஹ்தான் தங்கையைப் பார்த்தான்.

வேடிக்கை பார்க்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரை ஒருவன் தடுக்கும்போது வழியைத்தான் அடைக்க வேண்டும், அடிக்கிறவனைக் கோல் காப்பவன் பார்த்துக்கொள்ள வேண்டும். பையன் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

கூடவே இன்னொன்றும் வந்தது. பையன் இந்த ஊருக்கு வந்தால் நான்கு குளிர்காலம் இங்கேதான் இருப்பான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டார்சி மலையைத் தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டு வருவான். மூன்றாவது வரிசையில் உட்கார்வான். கடைத்தெருவில் எதிர்ப்படுவான். அவன் போன பிறகு இந்த ஊர் தன்னைப் பார்த்த பார்வை ஓய்வதற்கே எத்தனை காலம் பிடித்தது. மறுபடியும் முதலிலிருந்தா?

"நான் இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்," என்றாள்.

"சரி," என்றான் பொஹ்தான். அடுத்த பெயருக்குப் போனான்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. இன்னொரு முறை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. நெல்ஸ் ஆடுவது கண்ணுக்குத் தெரியாத ஆட்டம். அதைப் பார்க்கத் தவறினாய் என்று எந்த ஸ்கவுட்டையும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

சாயங்காலம் அறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அணி ஊருக்குப் பொதுச் சொத்து என்பதால் நிர்வாகக் குழுவில் நான்கு பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வீட்டிலிருந்து பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் வெங்காயம் வதக்கியதும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெரிய திரையில் ஒவ்வொரு அணியாகப் பெயர் விழுந்துகொண்டிருந்தது.

ஆறாவது பெயர் விழுந்தது. கோல்பி இல்லை. ஏழாவதும் இல்லை. எல்லாரும் உயரமான பையன்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டாவது பெயர் விழுந்ததும் சுவரோரம் ஒரு பெருமூச்சு எழுந்தது. கோல்பி இவர்களுக்கே மிஞ்சிவிட்டான்.

"கடவுளே கொண்டுவந்து கையில கொடுக்கறார்," என்றார் மெர்வ். "எழுது பொஹ்தான்."

பொஹ்தானின் கை விசைப்பலகைக்குப் போனது.

"கோல்பி வேண்டாம்," என்றாள் லெஸ்யா.

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"நெல்ஸ் ஹால்வர்சன். அவனை எடு."

"யாரு, அந்தக் கம்பமா?" என்றார் மெர்வ்.

"ஆமா. கம்பம் நின்னாத்தான் மாடு வெளியே போகாது மெர்வ். நமக்கு மூணு வருஷமா வேலியே இல்லை."

"அந்த கோல்..."

"அந்த கோலையே எடுத்துக்குங்க. வழியை அவன் அடைக்கலைன்னா வட்டு அந்தப் பக்கத்துப் பையனுக்குப் போயிருக்கும். காலியாக் கிடந்த கோல்ல தள்ளியிருப்பான். இவன் கோல்பியை ஓரத்துக்குத் தள்ளி, அடிச்சா அங்கிருந்துதான்னு ஆக்கினான். கோல் காப்பவன் பிடிச்சிருக்க வேண்டிய அடி. கோல்பி காலையில எந்தப் பக்கமா வந்தான்னு யோசிச்சுப் பாருங்க. எல்லாத் தடவையும் அந்தப் பக்கம். ஏன்? நெல்ஸ் இருக்கற பக்கம் யாரும் வர்றதில்லை. ரெண்டாவது சுற்றுக்கு விட்டா கிடைக்கமாட்டான். அந்த வடக்கூர் ஸ்கவுட் பாதி ஆட்டத்துல எழுந்து என் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். அவனும் கவனிச்சுட்டான்."

சுவரோரத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஊர்ல எல்லாரும் கோல்பியைத்தான் எதிர்பார்க்கறாங்க. நாளைக்கு மளிகைக் கடைக்குப் போகமுடியாது எங்களால."

பொஹ்தான் எழுந்தான். லெஸ்யாவை ஜன்னலோரம் கூட்டிக்கொண்டு போனான். தேர்வுக்கு இரண்டு நிமிஷம்தான் அவகாசம்.

"இது தப்பாப் போனா என் வேலை போகும். அது பரவாயில்லை. உன்னை ஒண்ணு கேக்கணும். அவன் டார்சி பையன்னு தெரியாம இருந்தா இதையே சொல்லுவியா?"

"தெரியாம இருந்தா மத்தியானமே சொல்லியிருப்பேன்."

அப்படியானால் மத்தியானம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் பொஹ்தானிடம் இருந்தது. அதைக் கேட்காமலேயே போய் உட்கார்ந்து பெயரைத் தட்டினான்.

திரையில் பெயர் விழுந்தது. ஹால்வர்சன். யாரும் கைதட்டவில்லை. மெர்வ் ஒரு பெரோகியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கிழவன் நான் சாகறதுக்குள்ள நீ சொன்னது சரின்னு தெரிஞ்சுட்டா நல்லாருக்கும்," என்றார்.

"அவசரப்படாம இருங்க," என்றாள் லெஸ்யா. அவர் சிரித்துவிட்டார்.

அவள் இறங்கி வெளியே வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. மே மாதத்தில் இங்கே பொழுது லேசில் சாயாது. வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில், மலைப்பக்கத்து எண் பலகை போட்ட ஒரு பழைய வண்டியருகே மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஸோரியா கையை வீசி அம்மாவைக் கூப்பிட்டாள். போகாமலிருக்க வழியில்லை.

கிட்டத்தில் பையன் இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். காதோரம் முடி அழுந்தி ஒட்டியிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"நன்றிங்க," என்றான்.

"நன்றியெல்லாம் வேண்டாம். வலப்பக்கம் திரும்பறது மோசம். கோடை முழுக்க அதையே பழகு."

"சரிங்க."

"அப்புறம் அந்த கோல். அது உன் தப்பில்லை."

"தெரியுங்க," என்றான்.

கர்வமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான். லெஸ்யாவுக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்தது. ஸோரியா அவன் தோளில் ஒரு குத்து விட்டு, "வா, பை ஏத்தணும்," என்று அவனை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

ரேலீனும் லெஸ்யாவும் தனித்து நின்றார்கள். ரேலீன் இளைத்திருந்தாள். அந்தக் காலத்தில் அவளிடம் எல்லாரும் பேசிக்கொண்ட அழகு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது.

"உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னே எனக்குத் தெரியலை," என்றாள் ரேலீன்.

"பேர் சொல்லியே கூப்பிடலாம்."

"அவனை எடுத்தது நீங்களாத்தான் இருக்கும்னு ஸோரியா சொன்னா. உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு..." நிறுத்தினாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஆட்டம் பார்க்க அவர் வருவாரோன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. வரமாட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே எங்களை விட்டுட்டுப் போயிட்டார்."

லெஸ்யாவின் கண் வண்டிக்குப் பின்னால் மகளைத் தேடியது.

இதைத்தான் மகள் மத்தியானம் சொல்ல வந்திருக்கிறாள். நாள் முழுவதும் மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துப் பயந்துகொண்டிருந்த ஆள் எந்த வரிசையிலும் இல்லை. சந்தோஷம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. எதிரில் நிற்கிறவளின் கோட்டில் ஒரு பொத்தான் அறுந்திருந்தது மட்டும் கண்ணில் பட்டது.

"பையனுக்குத் தெரியுமா, எங்க இருக்கார்னு?"

"யாருக்கும் தெரியாது. நம்பருக்குக் கூப்பிட்டாலும் எடுக்கறதில்லை." ரேலீன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "இங்க ஆட வர்ற பையன்களை ஊர்க்காரங்க வீட்டுல வச்சுப் பார்த்துக்குவாங்கதானே? அவனுக்கு ஒரு வீடு வேணும். எந்த வீடாயிருந்தாலும் சரின்னுதான் நான் சொன்னேன். அவன்தான், ஸோரியா வீட்டுல இடமிருக்குமான்னு கேக்கறான். உங்ககிட்ட இதைக் கேக்கற உரிமை எனக்கில்லை. அதுவும் எனக்குத் தெரியும்."

வண்டிக்குப் பின்னாலிருந்து ஸோரியாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பையன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"யோசிக்கணும்," என்றாள் லெஸ்யா. இன்று இரண்டாம் முறையாகச் சொல்கிறோம் என்று உறைத்தது. இந்த முறை பொய்யில்லை.

அவள் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. தேர்வு நாளில் கண்ட கண்ட ஊரிலிருந்தும் அழைப்பு வரும். திரையில் பெயரில்லை, வெறும் எண். அணைக்கப் போனாள்.

ரேலீன் குனிந்து திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"எடுக்காதீங்க," என்றாள் மெதுவாக. "அது அவர் நம்பர்."

லெஸ்யா வண்டிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பையை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிப் பின்கதவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழாத தூரத்துக்கு நடந்துபோய், ஃபோனைக் காதில் வைத்தாள்.

"சொல்லு டார்சி," என்றாள்.